செந்தூருக்கு எந்த நாளில் செல்வது?

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமியில் பங்குனி முடிவதற்குள் நிலத்து வேலை ஏறக்குறைய ஓய்ந்துவிடும். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்த கம்பும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் தை, மாசியில் வீடு வந்து சேரும். பருத்தியும் மிளகாயும் சற்றுப் பிந்தி வரும். அதன்பின் கறுத்த மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அடுத்த மழை வரையில் அதற்குச் செய்யக்கூடிய பணி அதிகமில்லை. விளைந்ததை விற்ற காசும் வேலையற்ற நாட்களும் ஒருசேர வாய்ப்பது இந்த ஒரு பருவத்தில்தான். குழந்தைக்கு முடியெடுப்பு, காதுகுத்து, நோயில் நேர்ந்துகொண்ட காணிக்கை ஆகிய யாவும் சித்திரைக்கும் வைகாசிக்கும் ஒதுக்கப்பட்டதற்கு இதுவே காரணம். செல்லும் தலம் பெரும்பாலும் திருச்செந்தூர்.

தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்ட குடும்பங்களின் கணக்கு வேறு. கரிசல் விவசாயி ஓய்ந்திருக்கும் அதே வெயில் அவர்களுக்கு மருந்துக் குச்சியை உலர்த்தித் தரும் வெயில். வேலை மும்முரமாக நடக்கும் காலம். ஆயினும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் கிடைக்கிறது என்பதால், இன்று விவசாயியும் தொழிலாளியும் வங்கி ஊழியரும் வணிகரும் ஒரே நான்கைந்து வாரங்களில் ஒரே கடற்கரையை நோக்கிப் புறப்படுகிறார்கள். கோவில்பட்டியிலிருந்து செந்தூர் சுமார் 100 கிலோமீட்டர். காரில் இரண்டரை மணி நேரத்தில் அடைந்துவிடலாம். சென்று சேர்ந்தபின் சந்நிதியை அடைய எத்தனை மணி நேரம் என்பதே இப்போது ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் நிற்கும் கேள்வி.

அறுபடை வீடுகளுள் இரண்டாவதான இத்தலத்தைச் சங்க நூல்கள் அலைவாய் என்றும் சீரலைவாய் என்றும் குறிக்கின்றன. மற்ற ஐந்து வீடுகளும் கடலைவிட்டு விலகி நிற்க, இவ்வொன்று மட்டுமே அலை வந்து தொடும் இடத்தில் அமைந்தது. கருவறையில் கையில் செபமாலையோடு, சிவபூசை செய்யும் கோலத்தில், கடலைப் பார்த்துக் கிழக்கு நோக்கி நிற்கிறார் மூலவர் சுப்பிரமணியர். ஒன்பது நிலை இராஜகோபுரமோ மேற்கே இருக்கிறது. கிழக்கில் கோபுரம் எழுப்பக் கடல் இடம் விடவில்லை.

கோடையில் இங்கே கூட்டம் கூடுவதற்கு விடுமுறை பின்னாளில் வந்து சேர்ந்த காரணம். முதற்காரணம் வைகாசி விசாகம். முருகப்பெருமான் அவதரித்த நட்சத்திரம் அது. செந்தூரில் இது பத்து நாள் வசந்த விழாவாக நடைபெறுகிறது. சுவாமி ஜெயந்திநாதர் வசந்த மண்டபத்திற்கு எழுந்தருள்வதும், விசாக நாளில் மீன்களாகக் கிடந்த பராசர முனிவரின் புதல்வர்களுக்குச் சாபவிமோசனம் அளிக்கும் நிகழ்ச்சியும் இவ்விழாவின் சிறப்புகள். அன்று நள்ளிரவு 1 மணிக்கே நடை திறக்கப்படும். சாத்தூர், சிவகாசி, இராஜபாளையம், கோவில்பட்டி எனப் பல ஊர்களிலிருந்தும் பாதயாத்திரைக் குழுவினர் நாட்கணக்கில் நடந்து வந்து அன்று கடலாடுவர். அதே நட்சத்திரத்தில்தான் நம்மாழ்வாரும் அவதரித்தார். செந்தூர் செல்லும் திருநெல்வேலிப் பாதையில் உள்ள ஆழ்வார்திருநகரியில் வைகாசி உற்சவத்தையொட்டி நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது கருட வாகனங்களில் எழுந்தருளும் சேவையும் நடைபெறும். சைவரும் வைணவரும் ஒரே பருவத்தில் ஒரே சாலையை நிறைத்துவிடுகின்றனர்.

முற்காலத்தில் விசாகப் பயணத்திற்கு மற்றொரு நயமும் இருந்தது. சூரியன் ரிஷபத்தில் இருக்கும் வைகாசியில் முழுநிலவு அதற்கு நேரெதிரே விருச்சிகத்தில் அமைய வேண்டும். விசாகத்தின் கடைசிப் பாதமும் அந்த இராசியைச் சேர்ந்தது. அதனால் விசாகம் எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வரும். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்றவர்களுக்கு அந்த நிலவே விளக்கு. பகலில் சத்திரத்திலும் மரநிழலிலும் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓய்வெடுத்து, வெயில் தாழ்ந்தபின் வண்டி கட்டினால் இரவு முழுவதும் குளிர்ச்சியில் வழி நடக்கலாம். 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்து கோவில்பட்டிக்கு இரயில் கிட்டியது. 1923இல் திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதையும் திறக்கப்பட்டது. அதுமுதல் பயணம் நாட்களிலிருந்து மணிகளாகச் சுருங்கியது. இரவில் நடந்து விடியலில் சேர்ந்தவர்களின் இடத்தில், காலை உணவு முடித்துப் புறப்பட்டு நண்பகலில் சேர்பவர்கள் வந்தார்கள். நாள் மாறவில்லை; நேரம் மட்டும் வெயிலுக்குள் நகர்ந்துவிட்டது. இன்றைய சிரமத்தில் பாதி இந்த மாற்றத்தால் விளைந்தது.

கோவில்பட்டியில் செண்பகவல்லியம்மன் கோயிலை அடுத்த தெரு ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தில், ஒரு கோடையில் இதன் பொருட்டு எழுந்த வாக்குவாதம் பல வீடுகளுக்கும் பொதுவானது. வீட்டின் மூத்தவர் எண்பதை நெருங்கும் அம்மையார். நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. கணவர் மறைந்தபின் இரண்டு ஆண்டுகள் செந்தூர் செல்ல இயலவில்லை. பேரன் காய்ச்சலில் கிடந்தபோது மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து பூசையறையில் வைத்திருந்தார்; விசாகத்தன்று கடலாடி அதைச் செலுத்துவதாக வேண்டுதல். மருமகளுக்கோ முன்பொரு முறை அந்தக் கூட்டத்தில் மாமியாரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நினைவு மறையவில்லை.

"அத்தை, விசாகம் கழியட்டும். கூட்டம் கலைஞ்ச பிறகு நிதானமாப் போயிட்டு வருவோம்" என்றார் மருமகள்.

"கூட்டத்துக்குப் பயந்தா சாமி கும்பிட முடியுமா? ஒங்க மாமா இருந்த வரைக்கும் ஒரு விசாகம்கூடத் தப்பினதில்ல" என்பது மாமியாரின் விடை.

மகன் இருவருக்கும் இடையில் மௌனமாக இருந்தார். இத்தகைய நேரங்களில் மகன்கள் கைக்கொள்ளும் வழி பெரும்பாலும் அதுவே.

இவ்வாக்குவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. முதியவர் கேட்பது வசதியன்று; எஞ்சிய ஆண்டுகளில் இன்னும் எத்தனை விசாகம் என்ற எண்ணம் அவர் சொல்லாமல் விட்ட பாதி. இளையவர் அஞ்சுவது தெய்வத்தை அன்று, மயங்கி விழுதலை. 'வயதாகிவிட்டது, இனி எதற்கு' என்று வீட்டிலேயே அமர்த்திவிடுவது எளிது; அது முடிவாகாது. நேர்ந்த நாள் என்பதற்காக முதியவரைப் பல மணி நேரம் வரிசையில் நிறுத்துவதும் பக்தியின் பெயரால் செய்யத்தக்க செயலன்று. இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. அவ்வழியைப் பஞ்சாங்கமே காட்டுகிறது. விசாகம் எந்தத் தேதி என்று பார்த்தவுடன் பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிடாமல் இன்னும் சில பக்கங்களைப் புரட்ட வேண்டும்.

முதலாவது, வெயில். சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் புகுந்து, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதற் பாதத்தை முடிக்கும் வரையிலான காலம் அக்னி நட்சத்திரம். ஆங்கிலக் கணக்கில் ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. அதே கார்த்திகைப் பெண்களே குழந்தை முருகனுக்குப் பாலூட்டியவர்கள். ஆதலால் முருகனடியார்கள் இந்நாட்களை விலக்குவதில்லை; பழனியில் சித்திரையின் கடைசி ஏழு நாட்களும் வைகாசியின் முதல் ஏழு நாட்களும் அக்னி நட்சத்திர விழாவாகக் கிரிவலம் வருவது மரபு. எனினும் மலையை வலம் வருவோர் விடியலிலும் மாலையிலுமே நடப்பர். நண்பகலில் செந்தூர்க் கடற்கரை மணலிலும் கோயிலின் வெளிப்புறக் கல்தளத்திலும் வெறுங்காலோடு நடப்பது வேறு. நீரிழிவு நெடுநாள் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். கால் வெந்தது அவர்களுக்கு அப்போது தெரியாது. வீடு திரும்பி, கொப்புளம் கண்டபின்தான் தெரியும். அப்புண் ஆறுவதற்கு மாதங்கள் பிடிக்கலாம். இந்த ஒன்றை மட்டும் மனத்தில் கொண்டாலும், முதியவர் உள்ள குடும்பம் காலை 9 மணிக்குப் பின்னும் மாலை 4 மணிக்கு முன்னும் வெளித்தளத்தில் நடக்கலாகாது என்பது விளங்கும்.

இரண்டாவது, கடல். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே கோட்டில் அமைவதால், கடலின் ஏற்றமும் வற்றமும் அந்நாட்களை ஒட்டி மிகும். செந்தூரில் இந்நாட்களில் கடல் பல அடி தூரம் உள்வாங்கிப் பாறைகள் வெளியே தெரிவதும், வேறு நேரத்தில் அலை ஏறி வருவதும் அடிக்கடி காணும் காட்சி. உள்வாங்கிய கடலைக் காண இளைஞர்கள் விரைகிறார்கள். ஆனால் வெளிப்பட்ட பாறைகளின்மேல் பாசி படர்ந்திருக்கும். முதியவர் காலூன்றத் தகுந்த இடமன்று அது. இடுப்பெலும்பு முறிவதற்கு ஒரு வழுக்கல் போதும். விசாகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், கூட்டம் மிகுந்த அந்நாளே கடலும் மிகுதியாக ஏறி இறங்கும் நாளாக அமைகிறது. இதனோடு, தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த அலைகள் உள்ளூரில் காற்று ஏதும் இல்லாத வேளையிலும் கரையில் சட்டென்று எழும்புவதைக் 'கள்ளக்கடல்' என்று தென்கரை மீனவர் கூறுவர். அவ்வெச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தனர். நீந்தவும் ஓடவும் வல்ல இளம் பருவத்தினருக்கே அப்படி நேர்ந்தது. எச்சரிக்கை உள்ள நாளில் கரையில் நின்று, ஒருவர் குடத்தில் முகந்து தரும் கடல்நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதே முறை. நீராடிய பலனில் அதனால் குறைவு ஏதும் வந்துவிடாது.

மூன்றாவது, கூட்டத்தின் கிழமை. செவ்வாய் முருகனுக்கு உரியது. செந்தூர் குருத்தலமாகவும் போற்றப்படுவதால் வியாழனன்றும் நெரிசல் உண்டு. வெள்ளியும் ஞாயிறும் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை விடுமுறைக் கூட்டம். எஞ்சுவன திங்களும் புதனும். இவற்றிலும் சஷ்டியும் கார்த்திகையும் விலக்கவேண்டியவை. வைகாசி திருமண மாதம். முகூர்த்த நாளில் கோயிலைச் சுற்றியுள்ள மண்டபங்கள் எல்லாம் நிறைந்திருக்கும் என்பதையும் கருத வேண்டும். அண்மைக் காலத்தில் பௌர்ணமி இரவு கடற்கரையில் தங்கி வழிபடும் வழக்கம் பெருகியுள்ளது. விசாகம் நீங்கிய மற்ற மாதப் பௌர்ணமிகளும் இப்போது நெரிசல் நாட்களே.

இக்கணக்கை 2024ஆம் ஆண்டில் வைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டு விசாகம் மே 22, புதன்கிழமை. அக்னி நட்சத்திரம் மே 28இல் முடிந்தது. வெயிலின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்ட பள்ளித் திறப்பு ஜூன் 10. பௌர்ணமியிலிருந்து ஏறத்தாழ எட்டு நாள் கழித்துக் கடலின் ஏற்றவற்றம் தணிந்திருக்கும். எனவே அக்னி முடிந்த மறுநாளான மே 29, புதன்கிழமை, வெயில், கடல், விடுமுறை ஆகிய மூன்றுக்கும் பொருந்திய நாளாக நின்றது. அடுத்தது ஜூன் 3, திங்கள். அதற்குப் பின் அமாவாசை நெருங்கிவிடும். அஷ்டமி, நவமியில் புறப்பட மனம் ஒப்பாதவர்கள் ஓரிரு நாள் முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளலாம். தெய்வ தரிசனத்திற்கு அவை தடையில்லை என்பாரும் உளர்.

2025இல் கணக்கு இவ்வளவு எளிதாக அமையவில்லை. பள்ளிகள் ஜூன் 2ஆம் தேதியே திறந்துவிட்டன. விசாகம் ஜூன் 9, திங்கள். நெரிசல் குறைந்த கிழமை என்று திங்களைத் தேர்ந்தவர்கள் விசாகக் கூட்டத்திலேயே சென்று நின்றிருப்பார்கள். கிழமையை மட்டும் நம்பலாகாது என்பதற்கு இது சான்று. அக்னி முடிந்து பள்ளி திறக்கும் முன் இருந்த நான்கு நாட்களும் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. கூட்டம் தணிந்த ஜூன் மூன்றாம் வாரத்தில் செல்ல விரும்பியவர்கள் பேரப்பிள்ளைகளை விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. பலருக்கு அதற்கு மனம் வராது. ஆயினும் பிள்ளைகள் இல்லாமல் இரு முதியவர்கள், துணைக்கு ஒருவருடன், அவசரமின்றிச் சென்று வரும் தரிசனத்திற்கும் ஓர் இனிமை உண்டு. குழந்தைகளை ஒரு முறையும் பெரியவர்களை மறுமுறையும் அழைத்துச் செல்லும் வழக்கம் சில குடும்பங்களில் உருவாகி வருகிறது. செலவு கூடும் என்றாலும் நல்ல வழக்கமே.

சரி, விசாகத்தன்று முருகனைக் காணாமல் எப்படி இருப்பது? கோவில்பட்டிக்காரர்களுக்கு அதற்கான விடை சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. கழுகுமலையில் மலையைக் குடைந்த குகைக் கோயிலில் மேற்கு நோக்கி வீற்றிருக்கிறார் கழுகாசலமூர்த்தி. ஒரு முகமும் ஆறு கரங்களும் கொண்ட அரிய திருக்கோலம். இங்குள்ள மயில் இந்திரன் என்பது தலமரபு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து இப்பெருமானைப் பாடியதுதான். காவடி எடுத்து ஆடும் கால்களுக்கெல்லாம் மெட்டுக் கொடுத்த தலம் வீட்டு வாசலில் இருப்பதைக் கரிசல்காரர்கள் சில சமயம் மறந்துவிடுகிறார்கள். செந்தூர்க் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே முதியவர் நின்று நிதானமாகத் தரிசிக்க முடியும்.

அம்மையாரின் வாக்குவாதமும் இவ்வழியிலேயே தீர்ந்தது. நேர்ந்த காணிக்கைக்கு நாள் பிந்தலாம், மனம் மறக்கலாகாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. எவரும் அதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விசாகத்தன்று விடியலில் கழுகுமலை சென்று வணங்குவது. அடுத்த வாரம் செந்தூர் சென்று காணிக்கை செலுத்துவது என்று அவரே முடிவு செய்தார். மஞ்சள் முடிப்பைக் கழுகுமலைக்கும் எடுத்துச் சென்று சந்நிதியில் காட்டிவிட்டே திரும்பினார்.

இனிப் பயணம். கோவில்பட்டியிலிருந்து செந்தூருக்கு இரு பாதைகள். ஒன்று தெற்கே, கயத்தாறு வழியே திருநெல்வேலி சென்று, தாமிரபரணிக் கரையோரமாகச் செல்வது. கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. இரயிலில் செல்பவர்கள் திருநெல்வேலியில் மாறி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் வழியே செல்லலாம். காலை மடக்கி உட்கார முடியாதவர்களுக்கும், வழியில் கழிப்பறை தேவைப்படுபவர்களுக்கும் இரயிலே வசதி.

மற்றொன்று கிழக்கே, எட்டயபுரம், தூத்துக்குடி வழி. முதியவரைக் காரில் அழைத்துச் செல்வோருக்கு இதுவே மேல். வழியில் பார்க்கவும் அதிகம். எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இருக்கிறது. 'குருகுஹ' என்று முருகன் பெயரையே முத்திரையாக வைத்துப் பாடிய மகான் 1835இல் உடல் நீத்த ஊர் இது. பாரதியார் பிறந்ததும் இங்கேதான். புறப்படும்போது இங்கே இறங்கினால் வெயில் ஏறிவிடும்; திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்வது நலம். தூத்துக்குடியை அடையும்போது கரிசல் முடிந்து, உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். கண் அறுவை செய்துகொண்டவர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். முக்காணியில் தாமிரபரணியைக் கடந்தவுடன் காட்சி மாறிவிடும். வாழைத் தோட்டங்களும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுமாக ஒரே பசுமை. மழை பார்த்து வாழும் கரிசல் கண்ணுக்கு அந்த ஈரமே பாதித் தரிசனம்.

எப்போது புறப்படுவது? அதிகாலை 3 மணிக்கு எழுந்து விரைவதைக் காட்டிலும், முதல்நாள் மாலை 4 மணிக்குப் புறப்பட்டு இரவு செந்தூரில் தங்குவது முதியோருக்கு ஏற்றது. சாதாரண நாளில் காலை 5 மணிக்கு நடை திறக்கும். இரவு நன்கு உறங்கி, மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டு, விடியலில் கடலருகே சென்றால் மணல் குளிர்ந்திருக்கும். முதலில் கடல், பின்பு நாழிக் கிணறு என்பது முறை. கடலுக்கு இத்தனை அருகில் நல்ல நீர் ஊறும் அந்தச் சிறு கிணறு, தாகித்த படைவீரர்களுக்காக முருகன் வேலால் உண்டாக்கியது என்பது ஐதிகம். படிகள் நனைந்திருக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்று நீரைக் கொண்டுவரச் செய்து ஊற்றிக்கொள்ளலாம். ஈரத்துணியோடு வரிசையில் நிற்க வேண்டாம். மாற்றுடை அணிந்தபின் சந்நிதி செல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

வரிசையில் நுழையுமுன் ஒரு குவளை மோரோ உப்பிட்ட கஞ்சியோ பருகிவிட வேண்டும். தரிசனம் முடியும்வரை நீரும் அருந்தாத விரதம் இளமைக்குரியது. சிறுநீர் கழிக்க அஞ்சி நீர் குடிக்காமல் இருப்பதும் பெண்களிடையே காணும் வழக்கம். வரிசையில் நேரும் மயக்கத்திற்கு அது ஒரு காரணம். காலை மருந்தை 'வந்து சாப்பிடலாம்' என்று தள்ளிவைக்கலாகாது. நீரிழிவு உள்ளவர் மடியில் இரண்டு கருப்பட்டித் துண்டு இருக்கட்டும். கைப்பேசி எண் எழுதிய தாளொன்றும் கூட இருக்க வேண்டும்; பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடம் சண்முக விலாச மண்டபம் என்று முன்பே சொல்லிவைப்பது எல்லா வகையிலும் நல்லது.

சந்நிதியில் கிடைப்பது சில விநாடிகளே. ஆனால் பன்னீர் இலையில் வைத்து விபூதி கிடைக்கிறது. இலையின் பன்னிரு நரம்புகளும் பெருமானின் பன்னிரு கரங்கள் என்று எண்ணி, அதை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெளியே ஓரிடத்தில் அமர்ந்துவிடலாம். அம்மையாருக்கு அன்று ஒரு மணி நேரத்திற்குள் தரிசனம் கிடைத்தது. காணிக்கையை உண்டியலில் சேர்த்தபின் அவர் கடல் தெரியும் இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். 'போகலாமா' என்று யாரும் கேட்கவில்லை. வடபுறம் வள்ளி குகைக்குப் பேரனை மட்டும் மருமகள் அழைத்துச் சென்று வந்தார். ஒன்பதரை மணிக்கு வண்டி புறப்பட்டுவிட்டது. கோடையில் செல்வோருக்கு மட்டும் கிட்டும் ஒன்றுண்டு: வழியில் பனையோலைப் பட்டையில் வார்த்துத் தரும் பதநீர். அம்மையார் ஆசையோடு பார்த்தார்; மருமகளும் பார்த்தார். நீரிழிவு அவ்விடத்தில் வென்றது. உடன்குடிக் கருப்பட்டி மட்டும் வீட்டிலுள்ள பிறருக்காக வாங்கப்பட்டது.

கோடையே வேண்டாம், குளிர் மாதங்களில் செல்லலாம் என்பாரும் உண்டு. ஐப்பசியில் கந்த சஷ்டி, விசாகத்தினும் பெருங்கூட்டம். கார்த்திகை, மார்கழியில் வெயில் இல்லை, மழை உண்டு. 2023 டிசம்பர் 17 அன்று இரவு தாமிரபரணி வெள்ளத்தில் பாதை அரிக்கப்பட்டு, திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் விரைவு இரயில் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாதங்களில் வானிலை அறிவிப்பைக் கேட்டபின் புறப்படுவது அவசியம். இவ்விரண்டையும் விரும்பாதவர்களுக்கு மாசித் திருவிழா இருக்கிறது. கரிசலில் அறுவடை வீடு வந்திருக்கும். வெயில் இன்னும் முற்றியிராது. பன்னிரண்டு நாள் விழாவில், சண்முகர் சிவப்பு சாத்தியும் பின் வெள்ளை சாத்தியும் பச்சை சாத்தியும் எழுந்தருளும் ஏழாம், எட்டாம் நாட்களிலும் பத்தாம் நாள் தேரன்றும் நெரிசல் மிகும். முதல் நான்கு நாட்களில் வரும் திங்களோ புதனோ, பிள்ளைகளின் தேர்வுக்கு முன் ஒருநாள் விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்குப் போதும்.